சேஷாத்ரி அனுப்பிய திருத்தம்

சேஷாத்ரிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: மெமரி லிமிட்டை ஏற்று. நியூ டவுனில் அந்த ஒன்பதாவது மாடி அலுவலகத்தில் கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருளைக் கவனிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நாடித்துடிப்பு காட்டும் கருவிக்கு அங்கே மென்பொருள் செய்கிறார்கள். கருவியின் மெமரி பாதி காலியாகக் கிடக்கும்போதே 'நிரம்பிவிட்டது' என்று கெர்னல் தப்புக் கணக்குப் போட்டு, ஓடுகிற புரோகிராமைக் கொன்றுவிடும், திரை இருண்டுவிடும். சேஷாத்ரி இரண்டு முறை லிமிட்டை ஏற்றினார். செவ்வாய்க்கிழமை சாக வேண்டியது வியாழக்கிழமை செத்தது. லேக் மார்க்கெட்டில் முறுக்கு நமுத்துப்போனால் கடைக்காரர் மூடியைத் திறந்தாவது பார்ப்பார். இவர் பெரிய டப்பா வாங்குவார். இதற்குப் பதவி உயர்வு வேறு, கருமம்.

பிழையைப் பிடித்தவள் சங்கவி. ஈரோட்டிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு புரோகிராம்கள் பங்குபோடும் மெமரியை முதலில் வந்ததன் பேரில் கணக்கு எழுதும் கெர்னல், அது செத்த பிறகும் கழிக்காமலே விட்டிருந்தது. மூன்று வாரம் மல்லுக்கட்டிப் பதினோரு வரியில் திருத்தினாள். அதை உலகத்துக் கெர்னல்காரர்கள் எல்லோரும் படிக்கும் பொது மெயில் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் எழுதியவர் பெயரும் பதிவாகும். அந்தப் பெயருக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"என் பேர்லயே போயிடட்டும்மா. சீனியர்னா சட்டுனு எடுத்துப்பா," என்றார் சேஷாத்ரி. சொல்லி முடிப்பதற்குள் அனுப்பியும் விட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

மறுநாள், கெர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான போர்ச்சுகல்காரி மெயில் குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: முதல் புரோகிராம் செத்து இரண்டாவது உயிரோடிருந்தால், அந்த மெமரி யார் பேருக்குப் போகும்? சேஷாத்ரி சங்கவியின் மேசைக்கு வந்தார்.

"இதுக்கு என்ன பதில் போடறது?"

"நீங்க எழுதினதுதானுங்களே சார். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

முகம் சிவக்கத் திரும்பிப் போய், மனுஷன் சொந்தமாகவே எழுதினார்: அதெல்லாம் பெரிய விஷயமில்லை, சிக்கல் வந்தால் லிமிட்டை ஏற்றிக்கொள்ளலாம்.

போர்ச்சுகல்காரி ஒரே வரிதான் எழுதினாள்: இதை நிஜமாகவே எழுதியவரை அனுப்பச் சொல்லுங்கள்.

சங்கவி அரை மணி நேரத்தில் சரியான பதிலோடு திருத்தத்தைத் தன் பெயரில் அனுப்பினாள். சாயங்காலம் ஏற்றுக்கொண்டார்கள். சேஷாத்ரி மறுபடி வந்து நின்றார், குரல் இறங்கியிருந்தது.

"என்னோட அந்த மெயிலை மட்டும் அழிச்சுட முடியுமாம்மா?"

"முடியாதுங்க சார். ஆயிரம் பேர் படிச்சாச்சு. இனி உங்க பேரைத் தேடினா அதுதானுங்க முதல்ல வரும்."