ஏழாம் வகுப்புக்கு வந்த கடல்

கடல் ஏழாம் வகுப்புக்குள் முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வகுப்பறை இரண்டாம் மாடியில் இருந்தது. கடற்கரை அங்கிருந்து இருநூறு கிலோமீட்டர். கரும்பலகைச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் வந்தது, முழங்கால்வரை ஏறியது, ஒரு மணி நேரம் இருந்தது, வந்த வழியே போனது. நேர் கீழே இருந்த ஐந்தாம் வகுப்பில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பிளம்பர் வந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இது நம்ம பைப்புத் தண்ணி இல்ல" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் பிள்ளைகள் போட்ட சட்டம்தான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு என்ன பாடம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வது வழக்கம். கையால் தொட்டுப் பார்க்காத எதைப் பற்றியும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்று அந்த வருடத்துப் பிள்ளைகள் ஒரு சட்டமும் போட்டிருந்தார்கள். கைதூக்கி ஓட்டெடுத்ததில் இருபத்திரண்டு பேர் கடல் வேண்டும் என்றார்கள், ஒருவன் மட்டும் ரயில் என்ஜின் என்றான். கடற்கரைக்குப் போக பஸ் கேட்டு டீச்சர் மேலிடத்துக்கு எழுதினார். பஸ் கிடையாது என்று திங்கட்கிழமை பதில் வந்தது. மறுநாள் கடலே வந்துவிட்டது.

முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியவன் ரயில் என்ஜின் கேட்டவன்தான். பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பழைய திரைச்சீலையைக் கம்பியில் கோத்து வலை ஆக்கினார்கள். அதில் மாட்டிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, "இதுக்கு இதயம் துடிக்குது, வெளியிலயே தெரியுது!" என்று கத்தினார்கள். தட்டில் தண்ணீரை ஊற்றி ஜன்னலில் காயவைத்து உப்பு எடுத்தார்கள். பெஞ்சுக் கால்களில் சிப்பி ஒட்டிக்கொண்டதால் அந்தப் பெஞ்சுகளை நகர்த்தக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். டீச்சரும் அதுவரை கடலைக் கண்டதில்லை. யார் எதைக் கேட்டாலும், "எனக்குத் தெரியாதுப்பா. எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்பார். அந்தப் பதிலைக் கேட்கக் கேட்கப் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வகுப்பிலேயே குள்ளமான பெண் ஒருத்தி இருந்தாள். அவளை எல்லோரும் அரையடி என்று கூப்பிடுவார்கள். கடல் வரும் நேரத்தைச் சுவரில் எழுதிவைக்கும் வேலையை அவள் தானாக எடுத்துக்கொண்டாள். செவ்வாய் ஒன்பது மணி. புதன் ஒன்பது ஐம்பது. வியாழன் பத்து நாற்பது. வெள்ளி பதினொன்றரை. ஐம்பது ஐம்பது நிமிடமாகத் தள்ளிப் போகிறது என்று கண்டுபிடித்த அன்று அவள் வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினாள். அடுத்த கட்டத்தில், திங்கள் பன்னிரண்டு இருபது என்று சிவப்புச் சாக்பீஸில் எழுதினாள்.

அந்தத் திங்கட்கிழமைதான் கல்வி அதிகாரி வந்தார். ஒரு கொத்தனாரையும் கையோடு அழைத்து வந்திருந்தார். கடல் வந்தால் வகுப்பு இப்படியே நடக்கலாம், வராவிட்டால் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் போலப் பாடப்புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. பன்னிரண்டு இருபது ஆனது. தரை காய்ந்து கிடந்தது. பன்னிரண்டு நாற்பதுக்கும் அப்படியே. கொத்தனார் சட்டியில் கலவையைக் கிளறியபடி, "சார், இதுக்கு மேல விட்டா இறுகிடும்" என்றார். அதிகாரி தலையசைத்தார். அரையடி ஓடிப்போய் விரிசலின் மேல் ஏறி நின்றுகொண்டாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது, ஆனாலும் அவர் வழக்கமான கேள்வியையே கேட்டார்: "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

அரையடி தான் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தடவை வாசித்தாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, திங்கள்.

"அய்யோ சார், தப்புப் பண்ணிட்டேன்!" என்று அவள் குதித்தாள். "சனி ஞாயிறு லீவு எங்களுக்குத்தான். கடலுக்கு இல்ல!"

"அதனால?"

"வெள்ளிக்கு அப்புறம் ஒரு அம்பது போட்டேன் சார், மூணு அம்பது போட்டிருக்கணும். ரெண்டு மணிக்கு வரும். நீங்களே போட்டுப் பாருங்க."

அதிகாரி அந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கணக்கைக் கண்ணெதிரே வைத்துவிட்டுச் சும்மா இரு என்றால் அவரால் முடியுமா? கோப்பின் முதுகிலேயே போட்டுப் பார்த்தார். "விடை சரிதான்" என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டார். சொன்ன பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கலவை சட்டியோடு கல்லாகிப் போனதில் கொத்தனாருக்கு வந்த கோபத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

இரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு விரிசலிலிருந்து காற்றுக்குமிழி ஒன்று வந்தது, பின்னாலேயே கடல் வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் எதிர்த்த கட்டடத்துத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஷூவைக் கழற்றப் போன அதிகாரியை நோக்கி, "சார், காலைக் கீழ வைக்காதீங்க! நட்சத்திர மீன்!" என்று இருபத்துமூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் தூக்கிய காலோடு அப்படியே நின்றார். அந்த மீன் அவசரப்படும் ரகமில்லை. அது நகர்ந்து முடிக்கும்வரை கொத்தனார் தோள் கொடுத்தார். ஒரு விரற்கடை நகர எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னவர் அதிகாரிதான். அரையடி அதைச் சுவரில் எழுதிக்கொண்டாள்.

அவருடைய அறிக்கையில் குறைகள் என்ற இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது: வாரத்தில் இரண்டு நாள் கடலைக் கவனிக்க ஆள் இல்லை, வகுப்பறைச் சாவியைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட வேண்டும். அடுத்த சனிக்கிழமை அரையடி கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தாள். கடல் தன் நேரத்துக்கு வந்தது. இன்றைக்கும் அப்படித்தான் வருகிறது. ஏழாம் வகுப்பில் சேர்கிறவர்கள் முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொள்ளும்படி உடுத்தி வருகிறார்கள்.