கரித்துணி எங்கே?

நாற்பது நாள் அவகாசம் என்று நீதிபதி சொன்னதும் வண்டியோட்டி அதை மனத்துக்குள் காலைப் பொழுதுகளாக எண்ணிக்கொண்டான். நாற்பது காலை. அதற்குள், காலையில் தான் செய்கிற அத்தனை வேலையையும் இரண்டு பெண்களுக்கும் பழக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் சிறையில் இருப்பான்.

அந்த வீட்டில் காலை நேரம் அவனுடையது. மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. இருட்டோடு ஐந்து மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவாள். மரச்சாமான் கடை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த அவனுக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. அதனால் பிள்ளைகளை எழுப்புவது, சோறு வடிப்பது, தலை பின்னுவது, டப்பா கட்டுவது, எட்டு இருபதுக்குக் கதவைப் பூட்டிப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் அவன் பொறுப்பு. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர உறவென்று பக்கத்தில் யாரும் இல்லை.

பெரியவளுக்குப் பதினொரு வயது. சின்னவளுக்கு ஏழு. வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர்.

அப்பா எங்கே போகிறார், ஏன் போகிறார் என்பதை அவர்களிடம் அவன் மறைக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனில் பேசினேன், திருப்பத்தில் சைக்கிளில் வந்தவரைப் பார்க்கவில்லை, அவர் இறந்துவிட்டார், தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தான். ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னான். அந்த அழைப்பு கடையிலிருந்து வந்தது என்றான். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னான்.

உண்மையில் அழைத்தவள் பெரியவள். பள்ளி விட்டு வந்து, நாலு மணி பத்து நிமிடத்துக்கு, "அப்பா, கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்த மறுநாள் அலமாரிக் கதவில் ஒரு பெரிய தாளை ஒட்டினான். இடது பக்கம் வேலை, வலது பக்கம் ஆள். அரிசி கழுவுவது வாயாடி. அடுப்பு, சோறு வடிப்பது பெரியவள். தண்ணீர் பாட்டில் வாயாடி. கதவைப் பூட்டுவது பெரியவள், பூட்டை இழுத்துப் பார்ப்பது வாயாடி.

"அப்பா, இதுல உன் பேரே இல்லையே. நீ என்ன செய்வே?" என்றாள் வாயாடி.

"நான் மேற்பார்வை."

"அப்படின்னா சும்மா இருக்கறது. அந்த வேலைய எனக்குக் குடுத்துடு."

பிறகு சுத்தியலை எடுத்து, சுவரில் வரிசையாக ஆணி அடித்தான். எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம். சாவிக்கு ஓர் ஆணி, கரண்டிக்கு ஓர் ஆணி, சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற கரித்துணிக்கு அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. எல்லாவற்றுக்கும் முன்னால் அடித்தது கத்தரிக்கோலுக்கு. இனி எதையும் யாரும் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கக் கூடாது. தான் இல்லாத வீட்டில் சுவரே பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

காலை ஆறு மணிக்கு வகுப்பு தொடங்கும். அரிசியை மூன்று முறை கழுவு. உலை கொதித்த பிறகு போடு. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார். பானையை முதலில் தொட்டி விளிம்பில் வை. இரண்டு பக்கமும் துணியால் பிடி. உன்னை விட்டு வெளிப்பக்கமாகச் சாய். அவன் சொல்லச் சொல்ல, வாயாடி குறுக்கே ஆயிரம் கேள்வி கேட்பாள். அரிசிக்கு வலிக்குமா, பூட்டை எதற்கு இழுக்க வேண்டும், அதற்கு நம்மேல் நம்பிக்கை இல்லையா. ஒரு நாள் தலையணையைக் கட்டிக்கொண்டு எழ மறுத்தாள். "இது வீடா, பட்டாளமா? ஜெயிலுக்கு நீதானே போறே?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்னது உறைத்ததும் தானாகவே எழுந்துபோய்ப் பல் தேய்த்தாள்.

பெரியவள் எதுவும் கேட்க மாட்டாள். ஒரு முறை பார்த்தால் போதும், அச்சுப் பிசகாமல் செய்துவிடுவாள். தெரியாததை முழிபிதுங்கி நின்று தானாகவே கண்டுபிடிப்பாள், இல்லாவிட்டால் தப்பாகச் செய்வாள். கெட்டிக்காரி, வயதுக்கு மீறிய பொறுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான். தன் பாரத்தில் பாதி இறங்கிவிட்டதாகவும் நினைத்தான்.

கிளம்பும் முன் மூவரும் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார்கள். சைக்கிளில் வந்து இறந்துபோனவர் ஒரு குழாய் வேலைக்காரர்; அவர் வீட்டுக்காக அவன் முதலில் வேண்டுவான். தீர்ப்பு நாளில் அந்த மனிதரின் மனைவி நீதிமன்ற நடையில் உட்கார்ந்து, கடைசிப் பெண்ணின் தலையைச் சீப்பு இல்லாமல் விரலாலேயே கோதிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறிப் போட்டிருந்தன. அந்த வீட்டில் காலையில் பொத்தான் போட்டுவிட்டவர் யார் என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது. அவருக்கு ஒரு காலைகூட அவகாசம் கிடைக்கவில்லை. தனக்குக் கிடைத்த நாற்பதை நினைக்கும்போது அவனுக்குக் கண்ணை மூடியபடியே வெட்கமாக இருக்கும்.

முப்பத்தோராம் காலை சோதனை வைத்தான். "இன்னிக்கு நான் இல்லைன்னு வெச்சுக்குங்க. எதுனா வேணும்னா ஜன்னல்கிட்ட இருக்கற பழைய போன்ல கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

ஆறேகாலுக்குச் சமையலறை விளக்கு எரிந்தது. ஏழு மணிக்கு ஜன்னலில் ஆவி தெரிந்தது. போன் அவன் கையிலேயே இருந்தது. அது அடிக்கவே இல்லை.

"என்னப்பா, சொந்த வீட்டையே வேவு பாக்கறே?" என்றார் டீக்கடைக்காரர்.

விஷயத்தைச் சொன்னான். அவர் கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்தார். "நான் தினம் இங்கதான் நிக்கறேன். எட்டு இருபதுக்கு ஒரு கண்ணு அந்தப் பக்கம் வெச்சுக்கறேன். கதவு திறக்கலேன்னா போய்த் தட்டறேன், போ" என்றார். அவன் தலையை ஆட்டினான். கடவுள் இப்படித்தான் ஆளை அனுப்புகிறார் என்று நினைத்தான்.

சரியாக எட்டு இருபதுக்குக் கதவு திறந்தது. இரண்டு பேரும் வந்தார்கள். பெரியவள் பூட்டினாள், வாயாடி இரண்டு கையாலும் தொங்கி இழுத்துப் பார்த்தாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தெருவைத் தாண்டி ஓடினான். அருகில் போன பிறகுதான் கவனித்தான். பெரியவள் புத்தகப் பையை இடது தோளில் மாட்டியிருந்தாள். வலது கை பாவாடை மடிப்புக்குள் இருந்தது.

"கையக் காட்டு."

"ஒண்ணுமில்லப்பா."

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, நடுவில் தோல் கொப்பளித்திருந்தது.

"கரித்துணியக் காணோம்," என்றாள் வாயாடி. "அக்கா பாவாடையால பிடிச்சா. கஞ்சி ஊத்திடுச்சு. அழக்கூட இல்ல."

கரித்துணியை முந்தின நாள் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டவன் அவன்தான். திரும்ப ஆணியில் மாட்ட மறந்துவிட்டான்.

"ஏம்மா, ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே. எதிர்லதானே இருந்தேன்?"

பெரியவள் தரையைப் பார்த்தாள். வாயாடிதான் மறுபடி சொன்னாள், ஊரறிந்த விஷயத்தைச் சொல்வது போல: "அக்கா போன் பண்ண மாட்டா. எங்கன்னு கேட்டா யாராவது செத்துப்போயிடுவாங்க."

டீக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, அந்தக் கையை அதற்குள் வைத்தார்.

அன்று பள்ளி இல்லை. மருந்தகத்தில் களிம்பு வாங்கித் தடவி வீட்டுக்குக் கூட்டிவந்தான். உள்ளே நுழைந்ததும் கத்தரிக்கோல் கண்ணில் பட்டது. ஆணி அடித்த நாள் எப்படி மாட்டினானோ அப்படியே இருந்தது. பிடியில் மெல்லிய தூசி. இத்தனை நாளும் பெரியவள் பால் உறையைப் பல்லால் கிழித்திருக்கிறாள். அவன் மாட்டி வைத்த பதிலை அவள் ஒரு தடவைகூடத் தொடவில்லை.

ஒரு பொய் அவன் நாக்கு நுனிவரை வந்தது. நீ கூப்பிட்டது வேறு நேரம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் முதலில் சொன்ன பொய்தான் இவளைத் தனியாக விட்டிருந்தது. பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஒரு சவத்தோடு அவளை அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தான்.

"நீதான் கூப்பிட்டே," என்றான். "கடையிலேர்ந்து வந்துச்சுன்னு நான் சொன்னது பொய்."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "லைன் கட்டாகலப்பா. எனக்குக் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"நீங்க கடவுளேன்னு சொன்னீங்க. அப்புறம் சைக்கிள் சக்கரம். சுத்திக்கிட்டே இருந்துச்சு. ரொம்ப நேரம்."

அவன் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சக்கரம் நிற்கும்வரை தானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் கூப்பிடாம இருந்திருந்தா அவர் இருந்திருப்பார்ல?" என்றாள்.

"இருந்திருப்பார்."

அவள் உதடு கோணியது. அவன் அலமாரித் தாளைக் காட்டினான். "இங்க பாரு. யார் வேலை யாருதுன்னு எழுதியிருக்கோம். கேக்கறது பிள்ளைங்க வேலை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்காம இருக்கறது என் வேலை. நீ உன் வேலைய ஒழுங்காச் செஞ்சே. நான் என்னோடதச் செய்யல. நான் எடுக்காம விட்டிருந்தா நீ என்னத் திட்டிக்கிட்டே வீடெல்லாம் தேடியிருப்பே. அவரும் வீட்டுக்குப் போய்ச் சேந்திருப்பார். நீதிபதி என்னத்தானே போகச் சொன்னாரு? கூப்பிட்டது யாருன்னு கேட்டாரா?"

அவள் அந்தத் தாளையே பார்த்தாள். அழவில்லை. ஒரு பேச்சில் கரைந்துவிடுகிற கல் இல்லை அது என்று அவனுக்குப் புரிந்தது.

வாயாடி பென்சிலை எடுத்து, தாளின் அடியில் கோணல் எழுத்தில் எழுதினாள்: போனை எடுக்காமல் இருப்பது அப்பா. எழுதிவிட்டு, "கடைசில உனக்கும் சும்மா இருக்கற வேலைதான்" என்றாள்.

"ஆமாம்," என்றான் அவன். "அதைக்கூடச் செய்யல."

அன்று மாலை மனைவியிடமும் உண்மையைச் சொன்னான்.  அவள் பெரியவளைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து, காலையில் பின்னியிருந்த சடையை அவிழ்த்து, முதலிலிருந்து மெதுவாகப் பின்னிவிட்டாள்.

அடுத்த எட்டுக் காலைகள் போயின. வேலைகள் தடங்கலில்லாமல் நடந்தன. கொப்பளம் உடைந்து காய்ந்தது. பெரியவள் எதையும் கேட்கவில்லை. எதையாவது ஒளித்து வைத்துக் கேட்க வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அது பிள்ளையிடம் ஆடுகிற சூது என்று விட்டுவிட்டான். வேண்டுதலில் மட்டும், பெரியவள் வாய் திறந்து கேட்க வேண்டும் என்று ஒரு வரி கூடியது.

நாற்பதாம் காலை. மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இருட்டில் வாசலில் நின்று, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "அங்க கொடுக்கறதச் சாப்பிடுங்க. வேணாம்னு வெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் போனாள்.

அவன் விருந்தாளி போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் அவனைச் சுற்றி வேலை செய்தார்கள். தட்டில் சோறும் முட்டையும் வந்தன. சோறு சற்றுக் குழைந்திருந்தது. முழுவதையும் சாப்பிட்டான். வேண்டுதல் முடிந்ததும் வாயாடி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை; பெரியவள்தான் விரல் விரலாகப் பிரித்தாள். எட்டு இருபதுக்கு இருவரும் படியிறங்கினார்கள். எதிரே டீக்கடைக்காரர் கையை உயர்த்தினார்.

அவன் பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மாற்றுத் துணி இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டின் சத்தமில்லாமையைக் கேட்டபடி இருந்தான். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னலோரத்துப் போன் அடித்தது.

தெரியாத எண். எடுத்தான். பின்னால் பள்ளி மணியும் பிள்ளைகள் சத்தமும் கேட்டன. மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் வந்தது.

"அப்பா, உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்துதான்மா இருக்கேன். வீட்லதான் இருக்கேன்."

"ஆபீஸ் டீச்சர்கிட்ட கேட்டுப் பேசறேன்." மறுபடி மூச்சு. "அப்பா, கரித்துணி எங்க?"

அடுப்புக்குப் பக்கத்து ஆணியில், அவள் மடித்து மாட்டிய மடிப்புக் கலையாமல் அது தொங்கிக்கொண்டிருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும்.

"ஆணியிலதாம்மா இருக்கு."

அவள் உடனே போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. அவன் பக்கம் ஒரு சத்தமும் எழவில்லை. அதை அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது, அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"சரிப்பா," என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கிழம பாக்க வரும்போது மிச்சத்தக் கேக்கறேன்."

"கேளும்மா. எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கிட்டு வந்து கேளு."

போனை ஜன்னலோரத்தில் அதன் இடத்தில் வைத்தான். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைப் பூட்டி, வாயாடியின் வேலையையும் சேர்த்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு சாவியை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஓட்டுவதற்கு வண்டி எதுவும் இல்லாத மனிதனாக, தெருவோரமாகவே நடந்து போனான்.