டீ குடிக்காதவள்

"அந்த நாற்காலியத் தொடுக்கா," என்றான் தம்பி.

அக்கா கையிலிருந்த வீடியோ கேம் கருவியின் குச்சியைக் கட்டைவிரலால் தள்ளினாள். திரையில் நீளக் கோட்டு அணிந்த துப்பறியும் பெண் வரவேற்பறையைக் கடந்துபோய் நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். செத்தவர்கள் தொட்ட பொருளை அவள் தொட்டால், அன்று அங்கே நடந்தது நிழல்போல எழுந்து வரும். அதுதான் விளையாட்டு. சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது. பூட்டிக் கிடக்கும் ஓட்டலில் நடந்து நடந்தே, விருந்தாளி ஒருவரை விஷம் வைத்துக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் தம்பிதான் ஆடிக்கொண்டிருந்தான். நுரையீரல் நோய் முற்றி, பொத்தானை அழுத்தக்கூட விரல்களில் வலுவில்லாமல் போனதும் அக்காவிடம் கொடுத்துவிட்டான். வேலை பார்க்கும் அச்சகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் தினமும் கட்டிலருகே உட்கார்ந்து, அவன் சொல்கிற பக்கமெல்லாம் அந்தப் பெண்ணை நடக்கவிட்டாள்.

"நல்ல நாள்லயே வீட்டுல பேய்ப் பேச்சு ஆகாது. இப்பப் போயி..." சமையலறையிலிருந்து வந்த அம்மாவின் குரல் பாதியில் நின்றது.

காலையில் வந்த டாக்டர் வாசலில் நின்று, "இனிமே யாராவது பக்கத்துலயே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து அக்காவுக்குப் பதற்றம். ஓட்டலில் இன்னும் ஒரு மாடி முழுவதும் பாக்கி இருந்தது.

"யாருன்னு நெட்டுல பாத்துச் சொல்லிடட்டுமாடா?"

"பாத்தே, உன்கூடப் பேசவே மாட்டேன்."

"அப்பச் சீக்கிரம் போறேன்."

"அவளுக்கு ஓடத் தெரியாதுக்கா. எனக்கு அவளைப் பிடிச்சதே அதுக்குத்தான்."

துப்பறியும் பெண் லிப்டில் ஏறினாள். கதவு மூடும் முன்பே லிப்ட் கிளம்பியது.

"இதை மாட்டுன மெக்கானிக்கத்தான் முதல்ல பிடிச்சு உள்ள போடணும்." படுக்கையில் விழும்வரை லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை.

அம்மா தண்ணீரோடு ஓடிவந்தாள். கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அவன் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் தானாகத் திரைக்குப் போனது. அங்கே மேல்மாடிச் சாப்பாட்டறையில், கொலை நடந்த அன்றைய மேசை நிழலாக எழுந்திருந்தது. வெள்ளை மேலங்கி போட்ட ஒருத்தி எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரு இவ?"

"சமையல்காரிம்மா."

"தனக்கு ஒரு வாய் ஊத்திக்கலயே?"

"வேலை செய்யறவ அங்க உக்காந்து குடிப்பாளா?"

"உக்கார வேணாம். மிச்சத்த உள்ள எடுத்துட்டுப் போயாவது குடிப்பா இல்ல? இவ கீழ கொட்டறா பாரு. இவதான்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சிரிக்காத. அந்தச் சமையல்கட்டுக்குப் போ. அங்க இல்ல, இந்தப் பக்கம்!"

"அம்மா சொல்றது சரிதான்," என்றான் தம்பி.

அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். லிப்ட் குழிக்குள் இறங்கித் தூசியைத் தின்னும் வேலை வேண்டாம் என்று அவள் ஒருகாலத்தில் கெஞ்சினாள். உனக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டுத் தனியாக அறை எடுத்துக்கொண்டு போனவன், நோயோடுதான் திரும்பி வந்திருந்தான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

"அலமாரியத் திற," என்றாள் அம்மா, திரைக்குத் திரும்பி.

பானைகள், துணிகள், காலி டப்பாக்கள். ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டியிருந்தது. அம்மா முழங்காலில் கை ஊன்றி முன்னால் குனிந்திருந்தாள். கடைசித் தட்டில், டப்பாக்களுக்குப் பின்னால், சின்ன நீலக் குப்பி தெரிந்தது.

"பாத்தியாடா!"

பதில் இல்லை. தம்பியின் முகம் திரையைப் பார்த்தபடியே இருந்தது. அம்மா அவன் மூக்கருகே விரலை வைத்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு இன்னொரு கையையும் கொண்டுபோய் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வந்து, "எப்ப?" என்று கேட்டார்.

"நாங்க பக்கத்துலதான் இருந்தோம்," என்றாள் அம்மா.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. தம்பியோடு வேலை செய்தவர்கள் நீலச் சட்டையோடு அப்படியே வந்து சுவரோரம் நின்றார்கள். சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசியா ஏதாவது சொன்னானா?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"நான் சொன்னது சரிதான்னு சொன்னான்," என்றாள் அம்மா.

சித்தி தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். நீலச் சட்டைக்காரர்களில் மூத்தவன், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுகிறவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்து லிப்டில் ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோக இடமில்லை. ஸ்பேனரும் மற்றவர்களும் மாடிப்படி வழியாகவே தூக்கி இறங்கினார்கள். திருப்பங்களில் தலைப்பக்கம் இருந்தவர்கள் உயர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

போர்த்தியிருந்த துணியின் ஓரம் கைப்பிடிக் கம்பியில் மாட்டியது. அம்மா அதை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு கீழே போய்ச் சேரும்வரை அந்த ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.