பூசுதலுக்குப் பேர் கொடுத்தவர்கள்

பத்துப் பேரும் சேர்ந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும், மருமகள் தேநீர்த் தட்டை அப்படியே அடுப்புமேடையில் வைத்துவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். கூடத்தில் மாமியார் பெட்டிக்குள் படுத்திருந்தார். பத்து மணிக்குக் கோயிலுக்கு எடுப்பதாக ஏற்பாடு. அதுவரை இவர்கள் கண்ணில் படாமல் தப்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

போன ஞாயிறு திருப்பலியில் முன்வரிசையில் பதினொரு நாற்காலிகள் போட்டு, பதினொரு நோயாளிகளை உட்காரவைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்தார்கள். இப்படி எல்லார் முன்னிலையிலும் கொடுப்பது அந்தப் பங்கில் அதுதான் முதல் தடவை. வழிபாட்டுக் குழுவில் பேசி, ஃபாதரைச் சம்மதிக்கவைத்து, வீடுவீடாகப் போய்ப் பேர் எழுதியவள் இவள்தான். லேசில் யாரும் பேர் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு அவஸ்தைப் பூசுதல் என்று பேர். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், தெருவில் அடுத்த கேள்வி அடக்கம் எத்தனை மணிக்கு என்பதுதான்.

மாமியாரும் அதே ரகம். இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் கைவிரித்த பிறகும், ஆஸ்பத்திரியில் எட்டிப்பார்த்த சாமியாரிடம், "அடுத்த கட்டில்ல கேளுங்க ஃபாதர், இங்க யாரும் போறதா இல்ல" என்று சொல்லி அனுப்பியவர். அவரோடு இவள் இரண்டு வாரம் மல்லுக்கட்டினாள். "அத்தை, இது சாகிறவங்களுக்கு மட்டும் இல்ல. நோயில இருக்கிறவங்களுக்குத் தெம்பு கொடுக்கிறது. மறுபடியும் வாங்கலாம்." தெருவே வானொலி என்று கூப்பிடும் எதிர்வீட்டுப் பெரியம்மா பேர் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்ட பிறகுதான் மாமியார் இறங்கிவந்தார். வானொலியை முன்வரிசையில் தனியாக மினுக்கவிட அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு பூசினார்கள். செவ்வாய் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பதினொருவரில் மீதிப் பத்துப் பேர்தான் இப்போது வாசலில்.

"நல்லா இருந்த அம்மா" என்று நேற்று வந்து இறங்கியதிலிருந்து நாத்தனார் சொல்லிக்கொண்டிருந்தாள். "யாரு அண்ணி உங்களை அவசரப்படச் சொன்னது?"

இவளிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆனால் செவ்வாயிலிருந்து கணவர் இவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்லியே பழகிய மனிதர். வீட்டுக்குள் இப்போது வாயே திறக்கவில்லை. தங்கை பேசும்போது தடுக்கவுமில்லை. ஊர் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம். இந்த மனிதரும் அதையே மனதில் வைத்துக்கொண்டு இன்னும் இருபது வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படித் தாங்குவது?

"எங்கடி ஒளிஞ்சிருக்க?" வானொலி சமையலறைக்குள் வந்துவிட்டார். அந்தப் பேர் குரலுக்காக வைத்தது. ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

"பெரியம்மா, எல்லாரும் என்மேல கோவமா இருக்கீங்களா?"

"கோவமா? பயந்து நடுங்கிட்டோம்டி. சேதி வந்ததும் ஒருத்தருக்கு ஒருத்தர் போன் போட்டு, இருக்கியா, இருக்கியான்னு கேட்டுக்கிட்டோம். பத்துப் பேரும் இருந்தோம். நேத்தும் கேட்டோம். நேத்தும் பத்து. இன்னைக்கு அலுத்துப்போய் நேர்லயே வந்துட்டோம்."

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடியும் அடங்கவில்லை.

நாத்தனார் சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். "சிரிக்கிற நேரமா அண்ணி இது? அம்மாவை எண்ணெய் பூசி அனுப்பிவச்சிட்டு..."

"போதும்மா." அவள் பின்னாலேயே கணவர் வந்திருந்தார். "ஒரு வருஷமா அம்மாகிட்ட சாவுன்னு ஒரு வார்த்தை எடுக்க முடிஞ்சுதா? திங்கக்கிழமை அவங்களே என்னைக் கூப்பிட்டு உட்காரவச்சாங்க. என்ன உடுத்திவிடணும்னு சொன்னாங்க. அடக்கப் பூசையில பாட்டை ரெண்டு சரணத்தோட நிறுத்தச் சொல்லு, வந்தவங்களுக்குப் பசிக்கும்னாங்க. உன் கல்யாணத்துக்குக் குறுக்க நின்னதை நினைச்சு வருத்தப்பட்டாங்க. அதை உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் அழுதேன்" என்றார் அவர். "அவங்க அழல. பயமே போயிடுச்சு அவங்களுக்கு."

மருமகள் தேநீர்த் தட்டை மறுபடி கையில் எடுத்தாள். வானொலி நாத்தனார் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கோயிலில் பத்துப் பேரும் முன்வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பதிலையும், இன்னும் இருக்கிறோம் என்று ஃபாதருக்கே தெரிவிப்பதுபோல ஓங்கிச் சொன்னார்கள். பாடகர் குழு மூன்றாவது சரணத்துக்குத் தயாரானபோது மருமகள் எழுந்துபோய் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்தாள்.

கல்லறை வாசலில் ஃபாதர் அவளைத் தனியே அழைத்தார். "மூணு மாசம் கழிச்சு அடுத்த பூசுதல் வச்சிருந்தோமே. ஜனங்க என்ன நினைப்பாங்களோ. தள்ளிப் போட்டுடலாமாம்மா?"

"யோசிச்சுச் சொல்றேன் ஃபாதர்" என்றாள். அவருக்கும் பயம் இருப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

வீடு திரும்பி, வந்தவர்கள் கலைந்து, நாத்தனார் உள்ளே தூங்கப்போனதும் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்த சாப்பாடு. ஃபாதர் கேட்டதை அவள் சொன்னாள்.

"தள்ளிப் போட வேணாம்" என்றார் கணவர். கொஞ்சம் சாப்பிட்டார். "என் பேரை எழுதிக்கோ."

"உங்க பேரா? எதுக்கு?"

"இருதயந்தான். அம்மாவுக்கு வந்த அதே வியாதி. ஆரம்பம்தானாம், மாத்திரையில கட்டுப்படுத்திடலாம்னு டாக்டர் சொன்னார். ஆறு மாசமா சாப்பிடுறேன்."

"ஆறு மாசமாவா?"

"திங்கக்கிழமை அம்மாகிட்ட சொன்னேன். அவகிட்ட சொல்லுடா, பேரெழுதிடுவான்னாங்க. மறுநாள் இப்படி ஆயிடுச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம மூணு நாளா முழிச்சிக்கிட்டு இருக்கேன்."

அவளுக்கு வந்த கோபத்தில் பக்கத்து அறையில் தூங்குகிறவளைப் பற்றிய நினைப்பே இல்லை. ஆறு மாசம் மறைத்தவருக்குப் பெண்டாட்டி எதற்கு, மாத்திரையை எங்கே ஒளித்துவைத்தார், அந்த டாக்டர் பேர் என்ன என்று சரமாரியாகக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்து, எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பேசிக்கொண்டே அவருடைய கை பழக்கத்தில் உப்பு ஜாடியை நோக்கிப் போனது.

அவள் அதை எடுத்துக்கொண்டுபோய், நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.