சந்திரலேகா அழித்த அம்புக்குறி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. பெற்ற பிள்ளையின் உடம்பில் போட்ட கோட்டைத் துடைத்துவிட்டு முழித்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

சந்திரலேகா திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் பீஸ்களைச் சரிபார்க்கிற வேலை. ஐந்து வயது மகள் நாச்சியாருக்கு வலது அடிவயிற்றில் குடலிறக்கம். ஆபரேஷன் அன்று பார்த்து புருஷன் மணிகண்டபிரபுவுக்கு மாற்றாள் வரவில்லை. ஷிஃப்டை விட்டு வர முடியாது, போனும் லாக்கரில். ஆஸ்பத்திரியில் நீட்டிய புரியாத தாளில் அவளே தனியாகக் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் வந்தார். பிள்ளையின் அடிவயிற்றில் நீல மார்க்கரால் அம்புக்குறி ஒன்று போட்டார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

சந்திரலேகா குனிந்து அந்த அம்பைப் பார்த்தாள். அவளும் தினம் போடுகிற கோடுதான் அது. கோடு விழுந்த பீஸ் கழிசல் போடுகிற சிவப்புப் பெட்டிக்குப் போகும். அப்புறம் லைன் பக்கம் வராது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா? ஓடினால் பிள்ளையின் வலிக்கு யார் மருந்து கொடுப்பார்கள்? கைப்பையில் தேங்காய் எண்ணெய் இருந்தது. துப்பட்டா நுனியில் தொட்டுத் தேய்த்தாள். கூசுது என்று பிள்ளை நெளிந்து சிரித்தது.

தியேட்டருக்குக் கூட்டிப்போக வந்த நர்ஸ் மெர்சி, பக்கத்து மண்ணூர்க்காரி, சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னாக்கா, அம்பு எங்க போச்சு?"

சொன்னால் ஆபரேஷன் நின்றுபோகுமோ. சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ. துப்பட்டாவில் நீலக்கறை வேறு.

"எங்க லைன்ல கோடு போட்ட பீஸு திரும்பி வராதுல்லா, சிஸ்டர்."

மெர்சி வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம்னு தப்பாயிடக் கூடாதுனுதான்க்கா அது. அது இல்லாங்காட்டி டாக்டர் கத்தியவே தொடமாட்டாரு."

மூக்கில் மாஸ்க் வைத்துத் தூங்கவைப்பதையும், முழித்ததும் பிள்ளை அழும், அது சகஜம் என்பதையும் பொறுமையாகச் சொன்னாள். இதையெல்லாம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

மெர்சி கூப்பிட, டாக்டர் திரும்பி வந்து எந்தப் பக்கம் என்று கேட்டார். சந்திரலேகா வலது பக்கம் விரலை வைத்தாள். அங்கேயே அம்பு விழுந்தது. பிறகு கதவு மூடியது. பெஞ்சை விட்டு எழவும் பயம், உட்காரவும் முடியவில்லை. சுவர்க்கடிகாரம் நகர்வேனா என்றது.

மெர்சி சொன்னபடியே நாச்சியார் அழுதுகொண்டு வந்தாள். கட்டு வலது பக்கம். அதன் ஓரத்தில் நீல முனை எட்டிப் பார்த்தது. சந்திரலேகா அதைத் துடைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எந்தக் கதவுக்குள் போனாலும் முழுசாய்த் திரும்பி வரட்டும். வாசலில் காத்திருப்பவளுக்குப் பொறுமையாய் எடுத்துச் சொல்ல ஒரு வாய் இருக்கட்டும். நல்லா இருங்கள் கண்ணுகளா.