நூறு பேர் தாங்கும் பாலம்

கணினி அறையில் அபாய ஒலி வீறிட்டது. கட்டட இன்ஜினியர்களுக்குப் புரோகிராம் எழுதிக் கணக்குப் போடக் கற்றுத்தரும் ஆசிரியை கடைசி வரிசைக்கு ஓடினாள்.

அங்கே பாடம் படிக்க வந்திருந்த ஒரு கான்ட்ராக்டரின் திரையில் ஒரு நடைபாலம் சிவப்பாக மின்னியது. அவர் பாலத்தில் ஏறும் ஆட்களின் எண்ணிக்கையை நூறிலிருந்து எழுபதாக்கினார். அலறல் நிற்கவில்லை. ஐம்பதாக்கினார்.

"என்ன சார், மீதிப் பேரை நீங்க கையைப் பிடிச்சு நிறுத்துவீங்களா? பாலத்தைத் தாங்குற உத்தரத்தோட தடிமனைக் கூட்டுங்க."

"முடியாது டீச்சர்."

"ஏன்? ஒரு எண்ணைத்தானே மாத்தணும்?"

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே செல்போனில் யாரையோ அழைத்தார். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.

"பாலத்தைக் கட்டித் திறந்தாச்சு டீச்சர். இந்நேரம் ஸ்கூல் விட்டு என் பொண்ணு அதுலதான் வந்துட்டிருப்பா."