மூன்றாவது பெஞ்சுத் துரை

துரை வகுப்புக்குள் வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தபோது, அவர் செத்து நூற்று முப்பது வருடம் ஆகியிருந்தது. அரிமளம் சாலையில் இருக்கும் கல்லூரியில், ஆங்கிலம் எம்.ஏ. பிள்ளைகளுக்கு ஜாஸ்பின் அப்போதுதான் முதல் பாடத்தைத் தொடங்கியிருந்தாள். 'அவர்கள் போய்விட்டார்கள்' என்பதுதான் வருடாவருடம் அவளுடைய முதல் வாக்கியம். அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் செம்மண் ஒட்டிய பூட்ஸோடு உள்ளே வந்த வெள்ளைக்காரர், லேட்டாக வரும் எல்லாரையும் போலத் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். சமஸ்தானக் காலத்தில் நிலம் அளக்க வந்து, வல்லத்திராக்கோட்டைப் பக்கம் காலராவில் போனவர் என்று விசாரித்ததில் தெரிந்தது. டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது என்று ஆபீசில் முதலில் மறுத்தார்கள். ஆனால் பின்காலனிய இலக்கியம் விருப்பப் பாடம். பத்துப் பேர் சேராவிட்டால் நடத்தக் கூடாது என்பது கல்லூரி விதி. அந்த வருடம் சேர்ந்திருந்தது ஒன்பது பேர். முதல்வர் ரகுநாத் சரி என்று சொல்லிவிட்டார். கிளார்க் பெயருக்கு நேராக துரை என்றும், சாதிக்கு நேராக இதரர் என்றும் எழுதிக்கொண்டு போட்டோ கேட்டார். போட்டோவில் துரை விழவில்லை, பின்னால் இருந்த சுவர்தான் விழுந்தது. அதையே ஒட்டிக்கொண்டார்கள்.

ஜாஸ்பின் ஆவூர்க்காரி. சந்தேகப்படுவதுதான் அவளுக்குப் படிப்பு, பிழைப்பு எல்லாம். ஒரு நாவலில் யாராவது டீ குடித்தால் போதும், தேயிலை பறித்தவர்களை இந்த ஆசிரியர் எங்கே ஒளித்துவைத்திருக்கிறார் என்று கேட்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டே திருச்சியில் முனைவர் பட்டம் வாங்கினாள், கட்டுரைகள் எழுதினாள், விமானம் ஏறிப் போய் வெள்ளைக்காரர்கள் முன்னாலேயே வாசித்துவிட்டு வந்தாள். பதினெட்டு வருடம் மல்லுக்கட்டி இந்த ஒரு பாடத்தைக் கல்லூரிக்குள் கொண்டுவந்திருந்தாள். அது போனால் வணிகவியல் பிள்ளைகளுக்கு இன்டர்வியூவில் எப்படிக் கைகொடுப்பது என்று சொல்லித்தர வேண்டியதுதான். மாதா கோயில் சாமியார் திருவிழாத் தேதியை அறிவித்தாலும் காலண்டரைப் புரட்டிப் பார்த்துத்தான் இவள் நம்புவாள் என்று அவளுடைய அம்மா சூசைமேரி சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவள் துரையை நம்புவாளா? அவர் ஜன்னல் பக்கம் திரும்பினால் மைதானத்தை அளக்கிறார் என்று நினைத்தாள். குறிப்பெடுத்தால் யாருக்கு அனுப்பவோ என்று நினைத்தாள். தலையாட்டினாலோ, சுத்த நடிப்பு. அதே துறையில் இருந்த கோபிநாத் வேறு, பதவி உயர்வுக்காக இவளே கல்லறையைத் தட்டி ஆளைக் கூட்டிவந்துவிட்டாள் என்று சந்தேகப்பட்டார். காத்தாயி என்கிற மாணவி மட்டும் எதையும் யோசிக்காமல் மத்தியானம் புளிச்சோற்று டப்பாவை அவரிடம் நீட்டுவாள். அவர் ருசித்துச் சாப்பிடுவார். சோறு குறையாது.

வருடக் கடைசியில் துரையும் பரீட்சை எழுதினார். கேள்வி ஏதோ ஒரு நாவலைப் பற்றியது. அவர் நாவலை விட்டுவிட்டு, கண்மாய்க்குக் கீழே கிடந்த வயல்களில் தான் அளவுச் சங்கிலி பிடித்ததையும், அளவைக் கூட்டி எழுதியதையும், தீர்வை கட்ட முடியாமல் ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் இன்னின்னவை என்பதையும் எழுதியிருந்தார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பக்கங்கள் ஜாஸ்பின் கையில் இருந்தன. மார்க்குக்காக எழுதியிருப்பாரோ என்று அதையும் சந்தேகப்பட்டுத் திரும்பப் படித்தாள். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்து ரகுநாத் வந்து நின்றார்.

"அடுத்த வருசமும் ஒம்பது பேருக்கு மேல தேறாது போலருக்கு மேடம். பெயிலானவங்க திரும்பவும் க்ளாஸ்ல உக்காரணும்னு நம்ம காலேஜுல ரூல் இருக்கு. துரை பாஸாயிட்டா ஒங்க பேப்பர் போயிரும். பாத்துக்கங்க."

அவர் போன பிறகு ஜாஸ்பின் வெகுநேரம் சிவப்புப் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு பாஸுக்கு இரண்டு மார்க் குறைத்துப் போட்டாள். போட்டதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூட்டி எழுதியவருக்கும் குறைத்து எழுதிய தனக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்துப் பார்த்தாள். பஸ் ஊருக்குள் நுழைகிறவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் துரை வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். மறுமதிப்பீட்டுக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை, முகத்தில் கோபமும் இல்லை. இதுதான் அவளை ரொம்பவும் உறுத்தியது. தன் திருட்டைத் தெரிந்துகொண்டு சமயம் பார்க்கிறாரோ என்று ஒரு வாரம் தூக்கம் கெட்டாள். கடைசியில் பிள்ளைகள் எல்லோரும் வெளியே போகும்வரை பொறுத்திருந்து, அவர் பெஞ்சுக்கு எதிரில் போய் நின்றாள்.

"நீங்க நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. நான்தான் மார்க்கக் கொறச்சேன். அது ஒங்களுக்கும் தெரியும். ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

துரையின் இங்கிலீஷ் அந்தக் கல்லூரியில் யாருக்கும் விளங்காது. சங்கிலி பிடித்த ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழில்தான் எப்போதும் பேசுவார்.

"கேட்டா அந்த மார்க்கப் போட்டுருவீங்களோன்னு பயந்துக்கிட்டுத்தாம்மா கேக்கல. பாஸானா அனுப்பிருவாங்க. அங்கிட்டு மண்ணுக்குள்ள பேச்சுத்தொணைக்கு ஒரு ஆளில்ல. இங்கிட்டு நீங்க திட்டுறதாச்சும் காதுல விழுது."

ஜாஸ்பின் அவர் முகத்தை ஒரு நாவலைப் படிப்பதுபோலப் படித்தாள். அடியில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதை அப்படியே நம்பினாள். நம்பியதும் பயமாக இருந்தது, ஏனென்றால் இனி இந்தத் திருட்டில் இரண்டு பேருக்கும் பங்கு.

அதற்குப் பிறகு அவள் இணைப் பேராசிரியர் ஆனாள். கோபிநாத்தும் சந்தேகப்பட்டு அலுத்துப்போய், துரையிடம் தன் வீட்டு மனையின் எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆண்டுவிழாப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நிற்பது பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. துரை ஒவ்வொரு வருடமும் நன்றாக எழுதுகிறார், ஒவ்வொரு வருடமும் இரண்டு மார்க்கில் போகிறது. பாடம் நடக்கிறது. 'அவர்கள் போய்விட்டார்கள்' என்ற வாக்கியத்தை மட்டும் ஜாஸ்பின் விட்டுவிட்டாள். வருகைப் பதிவு எடுத்து முடித்ததும் இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறாள்.